அப்பாட்ட வாங்குன கடனும் மன்னிப்பு தேடி நான் அலைஞ்ச அலைச்சலும்

இத எழுதலாமா வேண்டாமான்னு ரொம்ப யோசிச்சேன், ஏன்னா இதுல குடும்ப விஷயம் இருக்கு, பாவசங்கீர்த்தனத்துல, அதாவது சாமியார்ட்ட (பாதிரியார்ட்ட) பாவத்தச் சொல்லி மன்னிப்பு கேக்குறப்ப, சொன்ன விஷயமும் இருக்கு. அத வெளிய சொல்லக்கூடாதுங்கிறது சாமியாருக்குத்தான் சட்டம், எனக்கு இல்ல, அதனால சொல்றேன். கத்தோலிக்க குடும்பத்துல பொறந்து, ஞானோபதேசம்னு வேதபாடத்த மனப்பாடமா ஒப்பிச்சு, புதுநன்மை (மொத தடவ நற்கருணை) வாங்கி, வருஷா வருஷம் தவக்காலத்துல வரிசையில நின்னு பாவசங்கீர்த்தனம் பண்ணியும், நெஜமாவே ஒரு பாவம் மனச அரிக்க ஆரம்பிச்சப்ப எங்க போறது, யார்ட்ட என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. தெரியாம கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் போச்சு, 62,000 ரூபாயும் போச்சு. வேற யாராவது இதே மாதிரி ராத்திரி மூணு மணிக்கு முழிச்சுக் கெடந்தா அவங்களுக்கு உதவட்டுமேன்னுதான்.

எங்க ஊரு தூத்துக்குடி பக்கம் கடற்கரை. அப்பா வள்ளத்துல தொழிலுக்குப் போனவரு. முட்டு தேஞ்சு இனி கடலுக்குப் போக முடியாதுன்னு ஆனதும் வள்ளம், இன்ஜின், வலை எல்லாத்தையும் வித்தாரு. அதுல 1,80,000 ரூபாய எனக்குக் குடுத்தாரு, நாங்க சென்னையில லீஸுக்கு ஒரு வீடு பிடிச்சோம், பணம் பத்தல. ரெண்டு வருஷத்துல திருப்பித் தாறேன்பான்னு சொன்னேன். எழுத்து ஒண்ணும் கிடையாது. தம்பிக்குத் தெரிஞ்சா அவன் வீட்டுல பேச்சு வரும்னு அவன்ட்டயும் சொல்லல, அம்மாட்டயும் சொல்லல. லீஸ் முடிஞ்சு பணம் முழுசா கைக்கு வந்துச்சு. நான் என்ன பண்ணேன், ஒரு பிளாட்டுக்கு அட்வான்ஸ் போட்டேன், மிச்சத்துல ஒரு செயின் எடுத்தேன். அப்பா ஒரே ஒரு தடவதான் கேட்டாரு. "கண்ணுல பொரை விழுந்துருக்கும்மா, பிரைவேட்ல பாக்கணும்ங்காங்க, ஒரு இருபதாயிரம் இருந்தா அனுப்பேன்"னாரு. இப்ப கையில இல்லப்பான்னு சொன்னேன். சொல்லும்போது அந்தச் செயின் கழுத்துல கெடக்கு. அவரு "சரிம்மா, நீ மனசப் போட்டு உழப்பிக்காத"ன்னு வச்சுட்டாரு. அப்புறம் பெரியாஸ்பத்திரியில ஃப்ரீயாவே ஆப்பரேஷன் பண்ணிக்கிட்டாரு. அடுத்த வருஷம் ஹார்ட் அட்டாக்.

அடக்கத்துக்குப் போனா எல்லாரும் என்னயக் கட்டிப்பிடிச்சு "அப்பாவுக்கு உம்மேலதான் உசுரு"ன்னு அழுறாங்க. எனக்கு அழுகையே வரல, உள்ளுக்குள்ள ஏதோ ஒறஞ்ச மாதிரி இருந்துச்சு. இந்தக் கடன் விஷயம் உலகத்துல ரெண்டு பேருக்குத்தான் தெரியும், அதுல ஒருத்தர் பெட்டிக்குள்ள. இனி யாரும் கேக்கப்போறதில்லன்னு ஒரு செகண்ட் தோணுச்சு பாருங்க, அந்த ஒரு செகண்டுதான் என்ன பின்னாடி வருஷக்கணக்கா தின்னுச்சு. சென்னைக்கு வந்த பெறகு தூக்கம் போச்சு. பூசையில நற்கருணை அப்பம் வாங்க எல்லாரும் எந்திரிச்சு போகும்போது நான் மட்டும் பெஞ்சுல உக்காந்திருப்பேன், பக்கத்துல இருக்கவங்க தாண்டிப் போக காலை மடக்கிக் குடுப்பேன். வீட்டுக்காரர்ட்ட வயிறு சரியில்ல, சாப்ட்டுட்டு வந்துட்டேன்னு ஏதாவது சொல்லி சமாளிப்பேன். செயினக் கழட்டி பீரோவுல வச்சுட்டேன், அதப் பாத்தா ஒமட்டும்.

இந்த நேரத்துலதான் பக்கத்து வீட்டு அக்கா ஒரு ஜெப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. நடத்துறவர பிரதர்னு கூப்பிடுவாங்க. நான் முழுசா சொல்லக்கூட இல்ல, அப்பா செத்ததுல இருந்து மனசு சரியில்லன்னுதான் சொன்னேன். அவரு கண்ண மூடி, உங்க வம்சத்துல ஒரு கட்டு இருக்கு, அப்பா வழியில வந்த சாபம், அத உடைக்கணும்னாரு. உண்மைய சொல்லணும்னா எனக்கு அப்ப அவ்ளோ நிம்மதியா இருந்துச்சு! தப்பு என்னுது இல்ல, எந்தத் தாத்தாவோ பண்ணது. அதுக்கு மொதல்ல 5,000 ரூபா காணிக்கை, அப்புறம் உபவாச ஜெபம், எண்ணெய், வீட்டு மந்திரிப்பு, கடைசியா "விசுவாசத்துல ஒரு பெரிய தொகை விதைங்க"ன்னு சொல்லி 25,000. நான் குடுத்தேன். ஒவ்வொரு தடவயும் குடுத்துட்டு வர்ற அன்னைக்குத் தூக்கம் வரும், அடுத்த வாரம் மறுபடி அதே கதை. ஏன்னு கேட்டா உங்க விசுவாசம் பத்தலன்னு பதில். இது எப்பேர்ப்பட்ட பிசினஸ்னு பாருங்க, குணமானா அவராலயாம், ஆகலன்னா நம்மாலயாம். இதுல நான் கத்துக்கிட்டது ஒண்ணு, நம்ம பாவம் என்னன்னு கேக்காமயே பரிகாரம் சொல்றவரு, அதுவும் ரேட்டோட சொல்றவரு, யாரா இருந்தாலும் அங்கேர்ந்து செருப்ப மாட்டிட்டு கெளம்பிருங்க. பாவசங்கீர்த்தனத்துக்கு எந்தக் கோயில்லயும் கட்டணம் கிடையாது. பூசைக்குக் கருத்து, அதாவது இன்னாருக்காக வேண்டுங்கன்னு, எழுதுனா காணிக்கை குடுப்போம், அது வேற. மன்னிப்புக்கு வெல வச்சா அது திருச்சபை சட்டப்படியே குத்தம்.

அப்ப நான் பாவசங்கீர்த்தனமே பண்ணலியான்னு கேப்பீங்க. பண்ணேன், பல தடவ பண்ணேன், அதுதான் கூத்து. தவக்காலத்துல கோயிலே நெறஞ்சு ரெண்டு பக்கமும் வரிசை நிக்கும், சாமியாருக்கு மூச்சு விட நேரம் இருக்காது, நான் போயி "பெத்தவங்கள மதிக்கல சாமி, பேராசப்பட்டேன், பொய் சொன்னேன்"னு சொல்லிட்டு வந்துருவேன். மூணு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லும்மான்னு அபராதம், அதாவது பரிகாரம், குடுப்பாரு. நான் சொன்னது ஒண்ணும் பொய் இல்ல, ஆனா எடுத்துட்டுப் போன சாமானு என்னன்னு காட்டாம மூட்டையோட எடை போட்டுட்டு வந்த கதைதான். அப்புறம் இது செல்லாதோன்னு சந்தேகம் வந்து வேற கோயில், வேற சாமியார், அதே மொட்டை வார்த்தை. வேளாங்கண்ணிக்குப் போயி அந்த மணல் பாதையில முழங்கால்ல நடந்தேன், முட்டித் தோல் உரிஞ்சு ரத்தம். அந்த வேண்டுதல நான் கொற சொல்லல, ஆனா என் விஷயத்துல அது தப்பிச்சு ஓடுறதுதான், முழங்கால்ல நடக்குறது எனக்கு ஈசியா இருந்துச்சு, தம்பிக்கு ஒரு ஃபோன் பண்றது கஷ்டமா இருந்துச்சு.

மாறுனது ஒரு தியானத்துல, அதாவது ஜெபம், பிரசங்கம்னு கூடுற கூட்டத்துல. ஊர்ல அம்மாவப் பாக்கப் போயிருந்தப்ப பக்கத்து ஊர்ல மூணு நாள் தியானம், வயசான ஒரு சாமியார் தனியா உக்காந்து பாவசங்கீர்த்தனம் கேட்டுட்டு இருந்தாரு, கூட்டமே இல்ல. நான் வழக்கம்போல பெத்தவங்கள மதிக்கலன்னு ஆரம்பிச்சேன். அவரு நிறுத்தி, "மதிக்கலன்னா என்னம்மா, எதுத்துப் பேசுனியா, சோறு போடலியா, என்ன?"ன்னாரு. காசு சாமின்னேன். "எவ்ளோ?" 1,80,000. "இப்ப அது எங்க இருக்கு?" அந்தக் கேள்விக்கு எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. இவ்ளோ நாளும் யாருமே, நான்கூட என்ட்ட, அதக் கேக்கல. அப்புறம் கண்ணு, செயினு, ஃபோன்ல சொன்ன பொய்யி, அடக்கத்துல தோணுன அந்த நெனப்பு எல்லாத்தையும் கொட்டுனேன். ஜெப வீட்டுல குடுத்த கணக்கையும் சொன்னேன். அவரு கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அந்த அறுபத்திரெண்டாயிரத்த ஒந்தம்பிக்கு அனுப்பியிருந்தா எப்பவோ தூங்கியிருப்பியேம்மா"ன்னாரு. திட்டுற குரல்ல சொல்லல, வருத்தமாச் சொன்னாரு.

அவரு சொன்னதுல எனக்கு ரொம்ப ஒறச்சது இயேசுவக் காட்டிக்குடுத்த யூதாஸ் பத்தி. பைபிள்ல மத்தேயு 27 எடுத்துப் பாரு, யூதாஸ் மனசு வருந்துனான், பாவம் செஞ்சேன்னு வாயால சொன்னான், முப்பது வெள்ளிக்காசயும் திருப்பிக் குடுத்தான், நீ இதுவரைக்கும் செய்யாததக்கூட அவன் செஞ்சுட்டான். ஆனா போயி சொன்னது யார்ட்ட, தலைமைக் குருக்கள்ட்ட. அவங்க, எங்களுக்கென்ன, அது உன் பாடுன்னுட்டாங்க. இன்னும் கொஞ்சம் பொறுத்து சிலுவைகிட்ட போயிருந்தா இயேசுவோட சிலுவையில தொங்குன வலது பக்கத்துக் கள்ளனுக்குக் கெடச்ச மன்னிப்பு இவனுக்கும் கெடச்சிருக்கும். துக்கம் அவனுக்கும் இருந்துச்சு, இயேசுவத் தெரியாதுன்னு மறுதலிச்ச பேதுருவுக்கும் இருந்துச்சு, பேதுரு அழுதுட்டு திரும்பி வந்தான், அவ்ளோதான் வித்தியாசம்னாரு. பவுல் 2 கொரிந்தியர் 7ல இதத்தான் சொல்றாரு, கடவுளுக்கேத்த மனவருத்தம் மனம் மாறி மீட்புக்குக் கொண்டு போகும், உலகத்து மனவருத்தம் சாவுக்குக் கொண்டு போகும்னு. ரெண்டு வருஷமா நான் பட்டது ரெண்டாவது வகை. அதுல நான், என் கேவலம், என் நரகம், எல்லாம் நான்தான். தம்பி இல்ல, அம்மா இல்ல, கடவுள்கூட இல்ல.

எனக்கு அழுகையே வரல சாமி, நரகத்துக்குப் பயந்துதான் வந்திருக்கேன், இது மனஸ்தாபமா, பாவத்துக்காக வருந்துறதுதானான்னு கேட்டேன். அதுக்கு அவரு சொன்னத நல்லா கேட்டுக்கோங்க, ஏன்னா நெறைய பேர் இங்கதான் மாட்டுவாங்க. கடவுள் மேல உள்ள அன்புனால மட்டும் வர்றது உத்தம மனஸ்தாபம், அதுக்கு ஆசப்படணும், கேக்கணும். ஆனா பயத்துனால, பாவத்தோட அசிங்கத்தப் பாத்து அருவருப்புல வர்ற மனஸ்தாபமும் கடவுள் குடுக்குற வரம்தான், அதோட இனி செய்யமாட்டேங்கிற மனசும் மன்னிப்பு கெடைக்கும்ங்கிற நம்பிக்கையும் இருந்தா பாவசங்கீர்த்தனத்துக்கு அது போதும், 1551லயே ஆயர்கள் கூடுன திரிதெந்து பொதுச்சங்கம் இதத் தெளிவா சொல்லிருச்சு. கண்ணீர் அளவுகோல் இல்ல. எனக்கு மட்டும் இது மொதல்லயே தெரிஞ்சிருந்தா "ஃபீல் வரல, ஃபீல் வரல"ன்னு கோயில் கோயிலா ஓடியிருக்க மாட்டேன்.

பணத்தத் திருப்பிக் குடுத்துட்டு வா, அப்புறம் மன்னிப்புன்னு சொல்லுவாருன்னு நெனச்சேன். இல்ல, குடுப்பேன்னு உறுதியா நெனக்கிறியான்னு கேட்டாரு, ஆமான்னேன், அங்கேயே பாவமன்னிப்பு குடுத்துட்டாரு. கையில இல்லன்னா தவணையில குடு, ஆனா தேதி வச்சுக் குடு, சும்மா பாப்போம்னு இழுக்காதன்னாரு. கடன் குடுத்தவரு செத்துட்டா கடனும் செத்துரும்னு நெனக்காத, அது வாரிசுக்குப் போகணும்னாரு. இன்னொண்ணும் சொன்னாரு, இது நெறைய பேருக்குத் தெரியாது, திருப்பிக் குடுக்குறதுக்காக ஊரக் கூட்டி உன்ன நீயே அசிங்கப்படுத்திக்கணும்னு அவசியம் இல்ல, பேர் சொல்லாமக்கூட ஒருத்தருக்குச் சேர வேண்டியதச் சேக்கலாம். உன் கேஸ்ல தம்பிட்ட சொல்றது நல்லதுன்னு படுது, ஆனா அது உன் முடிவுன்னுட்டாரு. சாமியாரே தம்பிட்ட பேசுவாரான்னு கேட்டேன். இங்க கேட்டத நான் உன்ட்டகூட வெளிய வச்சுப் பேச முடியாதும்மான்னு சிரிச்சாரு. அது நெஜந்தான், திருச்சபைச் சட்டம் 983வது பிரிவு, எந்தக் காரணத்துக்காகவும் வெளிய சொல்ல முடியாது, நேரடியா வெளிப்படுத்துனா அந்தச் சாமியாரே அந்த நிமிஷமே திருச்சபைக்கு வெளிய. பங்குச் சாமியாருக்கு, அதாவது நம்ம ஏரியா கோயில் சாமியாருக்கு, நம்மளத் தெரியுமேன்னு கூச்சமா இருந்தா வேற பங்குல போயி தடுப்புக்குப் பின்னாடி முழங்கால் போட்டு சொல்லலாம், யாரும் பேர் கேக்க மாட்டாங்க.

யாருக்கு எவ்ளோன்னு தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர்ட்ட கேட்டேன். கிறிஸ்தவங்களுக்கு 1925ல வந்த இந்திய வாரிசுரிமைச் சட்டம், உயில் இல்லாம எறந்தா மனைவிக்கு மூணுல ஒரு பங்கு, மிச்சம் பிள்ளைங்களுக்குச் சமமா, ஆணு பொண்ணு வித்தியாசம் கிடையாது. அந்தக் கணக்குல அம்மாவுக்கு 60,000, தம்பிக்கு 60,000, எனக்கே 60,000. என் பங்க நான் எடுத்துக்கல, அவங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்கு 90,000 வச்சேன். சாமியார் அது கட்டாயம் இல்லன்னுதான் சொன்னாரு, பைபிள்ல வரி வசூலிச்ச சக்கேயு, ஏமாத்துனதுக்கு நாலு மடங்கு தாறேன்னதும் அவனா சொன்னதுதான், யாரும் அவன்ட்ட கேக்கலன்னாரு. செயின வித்தேன், மிச்சத்துக்கு மாசா மாசம் சம்பளத்துல எடுத்து வச்சேன். வீட்டுக்காரர்ட்ட சொன்னதுதான் பெரிய கண்டம், ஜெப வீட்டுக் காசு பத்திக் கேட்டதும் மனுஷன் ரெண்டு நாள் பேசல.

இதோட எல்லாம் சரியாயிருச்சுன்னு முடிச்சா நல்லாத்தான் இருக்கும். ஆனா ஒரு மாசம் கழிச்சு மறுபடி ஆரம்பிச்சுது. எல்லாத்தையும் ஒழுங்கா சொன்னேனா, செயினோட வெலையக் கொறச்சு சொல்லிட்டேனா, அப்ப அந்த மன்னிப்பு செல்லுமா. எச்சில முழுங்கிட்டா நற்கருணை வாங்கலாமா, அதுக்கு முன்னாடி சாப்புடாம இருக்குற நோன்பு முறிஞ்சுருச்சா, இதெல்லாம்கூட. வாரத்துக்கு ரெண்டு தடவ பாவசங்கீர்த்தனத்துக்குப் போக ஆரம்பிச்சேன். அந்தச் சாமியாருக்கு ஃபோன் பண்ணி நேரம் வாங்கிப் போனப்ப, இது மனஸ்தாபம் இல்லம்மா, இது வியாதின்னாரு. இயேசு சபையத் தொடங்குன லொயோலா இஞ்ஞாசியாருக்கே இது வந்திருக்கு, 1522ல ஸ்பெயின்ல மோன்செராத் மடத்துல மூணு நாள் எடுத்து எழுதி பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு, பக்கத்துல மன்ரேசா ஊர்ல உக்காந்து எதையோ விட்டுட்டோம் விட்டுட்டோம்னு தவிச்சு, சாகலாமான்னு தோணுற அளவுக்குப் போயிருக்காரு. பழைய பாவத்த இனி திரும்பச் சொல்றதில்லன்னு முடிவெடுத்த பெறகுதான் விடிஞ்சுது. பாவசங்கீர்த்தனம் கேக்குறது எப்படின்னு குருக்களுக்கே சொல்லிக் குடுத்த புனிதர் அல்போன்ஸ் லிகோரியாருக்கும் இந்தச் சந்தேக நோய் இருந்திருக்கு. அந்தச் சாமியார் எனக்குப் போட்ட கண்டிஷன், ஒரே சாமியார், மாசத்துக்கு ஒரு தடவ, மன்னிச்சத மறுபடி எடுக்கக்கூடாது, எடுத்தா அவரே நிறுத்திருவாரு. கூடவே டாக்டரப் பாருன்னாரு.

நான் தயங்கி தயங்கித்தான் போனேன். மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, காசு கிடையாது. டாக்டரம்மா முஸ்லிம், அவங்க கேட்ட மொத கேள்வி, கைய அடிக்கடி கழுவுவீங்களா, இல்ல மனசுக்குள்ளதானான்னு. தொழுகைக்கு முன்னாடி கை கால் கழுவுற ஒளு சரியா செஞ்சேனான்னு திரும்பத் திரும்ப செய்றவங்க, பூஜை ரூம்ல தப்பா நெனச்சுட்டேன்னு பரிகாரம் பண்ணிட்டே இருக்கவங்க எல்லாம் அவங்கட்ட வர்றாங்களாம், நோய் ஒண்ணுதான், போட்டுக்குற சட்டைதான் வேறன்னாங்க. மாத்திரை குடுத்தாங்க, சந்தேகம் வரும்போது உடனே அத தீக்க ஓடாம அப்படியே விட்டுட்டு இருக்குறதுக்குப் பழக்கினாங்க. மாத்திரை போட்டா விசுவாசம் இல்லன்னு யாராவது சொன்னா, அவங்க சுகருக்குப் போடுறாங்களான்னு கேளுங்க. ராத்திரி யார்ட்டயாவது பேசியே ஆகணும்னு இருந்தா 14416, டெலி மானஸ், தமிழ்லயே பேசலாம், எந்நேரமும் எடுப்பாங்க. எது குத்த உணர்ச்சி எது நோய்ன்னு நான் வச்சிருக்க அடையாளம், நெஜமான மனஸ்தாபம் ஒரு வேலையக் காட்டும், போயி இன்னார்ட்ட இத செய்னு. செஞ்சா அடங்கும். நோய் எதையும் காட்டாது, செஞ்சாலும் அடங்காது, இன்னொரு தடவ சொல்லுன்னு மட்டும் கேக்கும்.

அப்பாட்ட நேரா மன்னிப்பு கேக்க முடியலியேங்கிறது மட்டும் மிச்சம் இருந்துச்சு, இப்பவும் கொஞ்சம் இருக்கு. யோவான் 18ல பேதுரு மறுதலிக்கிறது ஒரு கரி நெருப்புப் பக்கத்துல குளிர் காஞ்சுக்கிட்டு. 21வது அதிகாரத்துல உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில அதே மாதிரி கரி நெருப்பு மூட்டி, மீன் சுட்டு வச்சுக்கிட்டு, பேதுருட்ட மூணு தடவ என்ன நேசிக்கிறியான்னு கேக்குறாரு. ஏன்டா அப்படி சொன்னன்னு ஒரு வார்த்த கேக்கல. சாப்புட வாங்கன்னுதான் மொதல்ல கூப்பிடுறாரு. கடலுக்குப் போற வீட்டுல பொறந்தவளுக்கு இது படிக்கிற விஷயமே இல்ல, கரையில சூரை மீன் சுட்ட பொகை மூக்குல ஏறும். எங்கப்பாவும் அப்படித்தான், சண்டை போட்டுட்டு நின்னாலும் மொதல்ல சாப்புட்டியான்னுதான் கேப்பாரு. எறந்தவங்க கடவுள்ட்ட உயிரோடதான் இருக்காங்கன்னு நம்புறோம்ல, அப்ப அவருக்கு இந்நேரம் எல்லாம் தெரியும்னு நான் எடுத்துக்கிட்டேன். வருஷா வருஷம் நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போயி கல்லறையில மெழுகுதிரி கொளுத்தி, அவரு பேர்ல பூசைக் கருத்து எழுதுறேன்.

தம்பிட்ட எப்படி சொன்னேன்னு கேப்பீங்க. நேர்ல போயி, அவன் பொண்டாட்டி முன்னாடியே சொன்னேன், மறச்சு சொன்னா மறுபடி ஒரு ரகசியம் ஆயிரும். அவன் ரொம்ப நேரம் தரையப் பாத்துட்டு இருந்துட்டு, "எனக்குத் தெரியும்க்கா, வள்ளம் வித்த கணக்குல ஒதைச்சுது, அப்பாட்ட கேட்டேன், அக்காவுக்குத்தான் குடுத்தேன், நீ கேக்கக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு"ன்னான். அப்ப இவ்ளோ நாள் அவன் தெரிஞ்சே என்ட்ட அக்கா அக்கான்னு பேசிட்டு இருந்திருக்கான்! எனக்கு அடக்கத்துல வராத அழுகை எல்லாம் அன்னைக்கு அங்கதான் வந்துச்சு. அம்மா மட்டும் கொஞ்ச நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தாங்க, கடனுக்காக இல்ல, அந்தக் கண்ணு ஆப்பரேஷனுக்காக, அது நியாயந்தான், நான் ஒண்ணும் பேசல. தம்பி அந்தக் காசுல அவனோட வள்ளத்துக்கு இன்ஜின் மாத்துனான். ஜெப வீட்டுலேர்ந்து இப்பவும் விசேஷ உபவாசக் கூட்டம்னு வாட்ஸ்அப்ல மெசேஜ் வருது, ரெண்டு நம்பர ப்ளாக் பண்ணிட்டேன், மூணாவது நம்பர்லேர்ந்து வருது. குடுத்த காசு அங்கேர்ந்து திரும்பாது, அத நான் போனதுன்னு கணக்கு எழுதிட்டேன். தம்பிதான் ஃபோன் பண்றப்பல்லாம் வட்டி எப்பக்கா வரும்னு கேட்டுட்டு இருக்கான்.